ஆட்டுக்கிடை மண்

சங்கிலிப்பாண்டிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு செண்பகவடிவுக்கு முப்பது. மண்ணில் குத்துகிற கம்பியையும், அது கண்டதைக் காட்டுகிற போனையும் அவருக்குக் கையாளக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் அவள் குரு, அவர் சீடர். ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் காலை அவர் கொதித்துப்போய் வந்தார். செண்பகவடிவு மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இந்தக் கம்பியைக் கிணத்துல தூக்கிப் போடப் போறேன்."

"கிணத்துல தண்ணி கிடக்கா, அண்ணாச்சி?"

"விளையாடாதீங்க. ரெண்டு வருஷம்! அறுத்த சோளத்தட்டை ஒண்ணைக்கூடக் கொளுத்தலை. பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைச்சு, பூ எடுக்கையில மடக்கி உழுதேன். மண்ணுல கரிமச் சத்து ஏறும்னு சொன்னீங்க. இறங்கியிருக்கு! முதல் வருஷம் பச்சை காட்டின போன் இப்போ சிவப்பு காட்டுது. கம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்துங்கன்னு வீட்டுல கேலி பண்றா."

"இந்த அளவைக் குழுவுக்கு இன்னும் அனுப்பலையே?"

"நாளைக்குள்ள அனுப்பணும். சிவப்பு போச்சுன்னா விவசாயிங்க குழுவுல இருந்து என் பேரை எடுத்துருவாங்க. விதையும் கிடையாது, மழைச் சேதியும் கிடையாது."

"முதல் வருஷம் எங்க குத்துனீங்க?"

"போன் காட்டின அஞ்சு இடத்துலயும்தான்."

"எந்த மண்ணுல?"

சங்கிலிப்பாண்டி வேலியைப் பார்த்தார்.

"ஆட்டுக்கிடை போட்ட மூலையில, புழுக்கை மக்கின மண்ணு ஒரு சாக்கு அள்ளிட்டுப் போனேன். இடத்துக்கு இடம் கொட்டி, அதுல குத்தினேன்."

செண்பகவடிவு சீப்பைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் நம்ம மண்ணே நல்லாயிருக்கே, சாக்கு எதுக்குன்னு..." குரல் இறங்கியது. "இன்னொரு தடவை மட்டும் கொட்டிக்கிடட்டுமா?"

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவரோடு நிலத்துக்குப் போனாள். கிடை மூலையில் தானே மண்வெட்டி பிடித்து இரண்டு சாக்கு நிரப்பினாள்.

"ஒண்ணு போதுமே, டீச்சர்?"

"முதல் வருஷமே ஒண்ணு. இப்போ கூடினதாக் காட்டணும்ல?"

தோளுக்கு ஒன்றாக ஏற்றிவிட்டாள். முதல் இடத்துக்குப் போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அடுத்த வருஷம் மூணு," என்றாள்.

இரண்டாவது இடம். வேர்வை கண்ணில் இறங்கியது.

"அதுக்கு அடுத்த வருஷம் நாலு. நடங்க அண்ணாச்சி, மூணாவது இடம் தூரம்."

மூன்றாவது இடத்தில் அவர் இரண்டு சாக்கையும் தொப்பென்று போட்டார்.

"ஏன் இப்படி உயிரை வாங்குறீங்க? உள்ளதை அனுப்பினா பேரை எடுத்துருவாங்கன்னு சொல்றேன்ல?"

"எடுக்கலாம்."

"அப்போ நான் பாடுபட்ட ரெண்டு வருஷம்?"

அவள் குதிகாலால் தரையைத் தட்டினாள்.

"முதல் வருஷம் இந்த இடத்துல எதுக்கு வேற மண்ணைக் கொட்டினீங்க?"

"கம்பி இறங்கலையே! சம்மட்டியால அடிச்சும் இறங்கலை. சலிச்சுப்போய்த்தான் கிடை மண்ணை அள்ளிட்டு வந்தேன்."

"அன்னைக்கும் இதே ஆவணி. இந்தத் தடவை எத்தனை அடி அடிச்சீங்க?"

அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். அடிக்கவே இல்லை. ஒரு கையால் அழுத்தியதுமே கம்பி இறங்கியிருந்தது. இன்னொரு கையில் போன் இருந்தது. கண்ணெல்லாம் அதில்தான் இருந்தது.

"அதைப் போன் சொல்லலையே, டீச்சர்!"

"கம்பியை அமுக்கினது போனா?"

அவர் சாக்கு இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கிடை மூலையிலேயே கொட்டினார். திரும்பி வந்து போனை அவளிடம் நீட்டினார்.

"முதல் வருஷ அளவு பொய்னு இதுல எங்க எழுதணும்?"

"உங்க பேருக்கு நேரா."