நாலு போனையும் துண்டில் கட்டியவர்

துறைமுகக் கேட்டுக்கு வெளியே நிற்கிற வரிசையில் ஒன்பதாவது லாரி பேச்சிமுத்துவுடையது. கன்டெய்னர் நிறைய ஜப்பானுக்குப் போகவேண்டிய இறால். நாலு மணிக்குள் உள்ளே போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும், அடுத்தது ஒரு வாரம் கழித்துத்தான். மணி மூன்றரை ஆகியும் வரிசை அசையவில்லை. வண்டியை விட்டு இறங்கி, எதிரே இருந்த ரெஜினா அக்கா டீக்கடைக்கு வந்து நின்றான்.

அங்கே, சரக்குக்குத் துறைமுகப் பேப்பர்களை முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஞானசெல்வம் அண்ணாச்சி, நாலாய் மடித்த காகிதத்தால் விசிறியபடி கதையளக்க ஆரம்பித்திருந்தார்.

"கப்பல் கம்பெனி சொல்லுதது குடோனுக்குத் தெரியாது. குடோன் சொல்லுதது லாரி ஆபீசுக்குத் தெரியாது. லாரி ஆபீசு சொல்லுதது கேட்டுக்குத் தெரியாது. பொறவு லைன் எப்படி நகரும்? ஒருநா நாலு எடத்துக்கும் நாலு போனைப் போட்டு, நாலையும் என் துண்டுல சேத்துக் கட்டிட்டேன். ஒருத்தன் தும்முனா மத்த மூணு பேரும் மூக்கைத் துடைச்சானுவ."

"அந்தத் துண்டு எங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள் ரெஜினா அக்கா.

"சிங்கப்பூர்க்காரன் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாம்."

பேச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தான். அண்ணாச்சி அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆளா?

"அன்னைலருந்து லாரி வாரதும் கப்பல் வாரதும் ஒரே நிமிசம். ஒரு டிரைவர் பிரேக் போட மறந்து நேரா கப்பலுக்குள்ளயே ஓட்டிட்டாம். கொழும்புல எறங்கி டீ குடிச்சிட்டுத்தான் திரும்புனாம்."

"டீ எப்படி இருந்துச்சாம்?" என்றாள் ரெஜினா அக்கா.

"ஒன் டீ மாதிரி இல்ல, நல்லா இருந்துச்சுன்னாம். அது கெடக்கட்டும். வேலை அவ்வளவு வேகமாயிட்டு. இங்க எறால் கடலுக்குள்ள நீந்திட்டு இருக்கு, அங்க ஜப்பான்காரன் தின்னு முடிச்சு, ருசி பிரமாதம்னு லெட்டரே போட்டுட்டாம்."

"அப்ப நீங்க எதை அனுப்புனீங்க?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"பொறவு பிடிச்சு அனுப்புனோம். சொன்ன சொல்லு தவறலாமா?"

கவலையை மறந்து பேச்சிமுத்துவும் சிரித்துவிட்டான். அப்போது கேட்டுக் காவலாளி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மொத வண்டிக்கு கேட் பேப்பர் இல்ல, அதான் லைனே நிக்குது. ஏஜென்ட் போன் போடுவாருன்னு டிரைவர் ஒரு மணி நேரமா உட்காந்திருக்காம். வண்டி நம்பர் 4417. அதுக்கு ஏஜென்ட் யாரு?"

அண்ணாச்சியின் விசிறி நின்றது. காகிதத்தை மெல்லப் பிரித்துப் பார்த்தார். 4417-இன் கேட் பேப்பர்.

"வண்டி வந்தா அவன் போன் போடுவாம்னுல்லா நான் இருக்கேன்" என்றார்.

பேச்சிமுத்துவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. காகிதத்தைப் பிடுங்கிக் காவலாளியிடம் கொடுத்தான். அவர் ஓடிய சற்று நேரத்தில் முதல் வண்டி உறுமியது. மணி மூன்றே முக்கால். தன் லாரிக்கு ஓடியவன் ஒரு கணம் நின்று திரும்பினான்.

"அண்ணாச்சி, ஜப்பான்காரனுக்குப் பதில் லெட்டர் போட்டுருங்க. அவன் தின்ன எறால் இன்னும் ரெஜினா அக்கா கடை வாசல்லதான் நிக்குதுன்னு."