மணி அடிக்காத இன்டர்காம்

அநியாயம் நடந்தது மூன்றாம் மாடித் திருச்செல்விக்கு. விவாதப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அவளை ஏற்றிப்போக வந்த வேன், அவள் ரிசீவரும் கையுமாக நிற்கும்போதே அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. போட்டியின் தலைப்பு, ‘தொலைத்தொடர்பு பெண்களுக்குக் கதவைத் திறந்ததா?’ திறந்தது என்று பேசவேண்டியவள் இவள்தான்.

செய்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கெட்டவர்கள் என்றால் வாதாடியாவது ஜெயித்திருக்கலாம். அவர்கள் எங்கள் பெண்கள் விடுதியின் நலக்குழு: வார்டன் ஞானசௌந்தரி மேடம், இயற்பியல் சொல்லித்தரும் தங்கப்பழம் சார், மாடிப்படிக்குப் பொறுப்பான பாப்பாத்தியக்கா.

முன்பெல்லாம் யாராவது தேடி வந்தால் பாப்பாத்தியக்கா முற்றத்தில் நின்று பெயரைச் சொல்லிக் கூவுவார். பெண் இறங்கி வருவாள். காரியம் முடிந்தது. இது மேடத்துக்குப் பொறுக்கவில்லை.

“வயசுப் பொண்ணுக பேரு ரோட்டுல போறவன் காதுல விழலாமா சார்?”

“விழவே கூடாது மேடம். இன்டர்காம் போட்டுருவோம்.”

ஆபீசில் கழித்துப்போட்ட பழைய டெலிபோன்கள் இரண்டு கிடந்தன. சார் அவற்றை ஒயரால் இணைத்து நடுவில் பேட்டரியைக் கோத்தார். ஒரே மேசையில் இரண்டையும் வைத்துச் சோதனை நடந்தது.

“கேக்குதா சார்?”

“பக்கத்துல நின்னு பேசுத மாதிரியே இருக்கு மேடம்!”

எல்லோரும் கைதட்டினோம். ஒரு போன் கீழே ஆபீசுக்கும் இன்னொன்று மூன்றாம் மாடிக்கும் போயின. வார்டன் இன்டர்காமில் அழைத்தால்தான் மாடிக் கிரில் கதவு திறக்கப்படும் என்று சட்டம் வந்தது. சாவி பாப்பாத்தியக்காவின் இடுப்புக்குப் போனது.

பிறகுதான் தெரிந்தது, அதில் மணி அடிக்காது. பேசத்தான் அந்தப் பேட்டரி போதும். மணியடிக்க அதற்குத் தெம்பில்லை.

“அப்போ கூப்பிடுதோம்னு மேல இருக்க பிள்ளைக்கு எப்படித் தெரியும்?” என்றார் மேடம்.

குழு கூடி யோசித்தது. டீ வந்தது. மறுபடி யோசித்தது.

“பாப்பாத்தி மேல போயி, போன் வந்திருக்குன்னு சொல்லட்டும்,” என்றார் சார்.

“என்ன விஷயம்னு கேட்டா?” என்றார் பாப்பாத்தியக்கா.

“விஷயத்தை நீ சொல்லிட்டா இன்டர்காம் எதுக்கு? அதை போன்தான் சொல்லணும்,” என்றார் மேடம்.

“இன்னொண்ணு,” என்று சார் விரலை உயர்த்தினார். “ரிசீவரைச் சும்மா எடுத்து வெச்சிருந்தா பேட்டரி போயிரும். மறுமுனையில ஆள் இல்லேன்னா உடனே வெச்சிரணும்.”

அன்று காலை வேன் வந்து வாசலில் நின்றது. பாப்பாத்தியக்கா மூச்சிரைக்க மாடியேறி, கிரிலுக்கு வெளியே நின்று சொன்னார்: “செல்வி, உனக்கு போன்.”

“வேன் வந்துட்டுதாக்கா?”

“நான் சொல்லக்கூடாது.”

“கதவைத் திறங்கக்கா!”

“போன்ல உத்தரவு வரட்டும் தாயி.”

செல்வி ரிசீவரை எடுத்தாள். கீழே மேடம் பேட்டரியை மிச்சம்பிடிக்க ரிசீவரை எடுக்காமல் இருந்தார். ஆள் இல்லை, செல்வி வைத்துவிட்டாள். அவள் எடுத்துவிட்ட தகவலைச் சொல்லப் பாப்பாத்தியக்கா கீழே இறங்கினார். மேடம் எடுத்தார். இப்போது மேலே ஆள் இல்லை. மேடமும் வைத்துவிட்டார். பாப்பாத்தியக்கா மறுபடி ஏறினார்.

வேன் ஹாரன் அடித்தது. செல்வி ஜன்னலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். “மேடம்! நான் இங்கதான் இருக்கேன்! திறக்கச் சொல்லுங்க!”

மேடம் பதறிப்போய் முற்றத்துக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்துத் தெருவே அதிரும்படி கூவினார்: “ஏட்டி மூணாம் மாடி திருச்செல்வி! கத்தாதட்டி! ரோட்டுல போறவன் காதுல உன் பேரு விழப்போகுது! எதுன்னாலும் இன்டர்காம்ல சொல்லு!”

எதிரே இளநீர்க் கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி அண்ணாந்து பார்த்தார்கள்.

பாப்பாத்தியக்கா இன்னும் பலமுறை ஏறினார், இறங்கினார். கடைசியில் கால் ஓய்ந்து நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். போனை எடுக்கச் சொல்ல ஆளில்லாததால், மேலே இருந்தவளும் கீழே இருந்தவரும் அலுத்துப்போய் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டார்கள். லைன் கிடைத்தது. ஆபீசில் சார் துள்ளிக் குதித்தது மேலே வரைக்கும் கேட்டது.

“மேடம், வேன்?”

“அது போயிட்டுதும்மா.”

“என்னை ஏத்தாமலா? நான் இங்கதான இருக்கேன்! கிளம்பி நிக்கிறேனே மேடம்! யார் போகச் சொன்னா?”

“நாங்கதான். டிரைவர் வந்து, பொண்ணு எங்கன்னு கேட்டாரு. முக்கியமான போன்ல இருக்கா, இப்போ தொந்தரவு பண்ணக்கூடாதுன்னோம். அப்படி யார்கூடப் பேசுதான்னு கோவமாக் கேட்டாரும்மா. எங்ககூடத்தான்னு சொன்ன பிறகுதான் நம்பிப் போனாரு.”