வளைகொம்பியின் தலைமேல் ஒரு கூடு

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓர் ஓடை இருந்தது. அவசரமே இல்லாத ஓடை. கல்லைக் கண்டால் சுற்றிப் போகும். குழியைக் கண்டால் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளும். காலையில் மூடுபனி வந்து அதன்மேல் உட்கார்ந்தால் உச்சிப்பொழுது வரை எழுந்திருக்காது.

ஓடையைச் சுற்றி மேய்ச்சல் வெளி. அது யாருக்கும் தனிச் சொந்தம் இல்லை. அதனால் எல்லோரும் அதைத் தங்களுடையது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஓடைக்கரையில் மட்டும் புல் உயரமாக வளரும். அந்தப் புல்லுக்குள் ஒரு சின்ன எலி வாழ்ந்தாள். வால் நூல்போல இருந்ததால் அவளுக்கு நூலி என்று பெயர். நூலிக்கு வளை தோண்டத் தெரியாது. காய்ந்த புல்லில் கூடு கட்டவும் வராது. நாலைந்து பச்சைப் புல்தாள்களைச் சேர்த்துக் கட்டி, அந்தரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கூடு பின்னுவாள். ஓடைக்கரையில் பச்சைப் புல் இருந்தால் நூலி இருப்பாள். இல்லாவிட்டால் இல்லை.

ஒரு காலத்தில் கரை நெடுக அவள் இனத்தார் கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. இப்போது மிச்சம் இருந்தது நூலியும் அவளுடைய மூன்று குட்டிகளும்தான். குட்டிகளுக்கு இன்னும் கண்ணே திறக்கவில்லை. குளிர்காலம் வந்தால் அந்த இனம் நான்கு மாதம் தூங்கும். அதற்குள் குட்டிகள் கண் திறந்து, புல்விதை தின்று, கொழுத்தாக வேண்டும். மெலிந்து தூங்கும் குட்டி எழுந்திருக்காது.

மற்றவர்கள் எங்கே போனார்கள்? எருமைகளைத்தான் கேட்க வேண்டும். கேட்டாலும் அவற்றுக்குத் தெரியாது. மந்தை தினமும் கரையில் மேய்ந்தது, கரையிலேயே படுத்தது, கரையிலேயே கனவு கண்டது. காலுக்கடியில் என்ன நசுங்கியது என்று எந்த எருமை குனிந்து பார்க்கும்?

ஒருநாள் நூலி ஒரு நீண்ட புல்தாளில் ஏறி, மந்தையின் தலைவியான வளைகொம்பியின் காதருகே போய் நின்றாள்.

"அக்கா! ஒரு நிமிஷம்!"

வளைகொம்பி அசைபோடுவதை நிறுத்தினாள். "யாரு பேசுறது? பனியா?"

"நான் நூலிக்கா! இங்கே இருக்கேன்! எங்க கூட்டத்துல இப்ப நானும் மூணு புள்ளைகளும்தான் மிச்சம். எங்களைக் கொஞ்சம் காப்பாத்துங்க!"

வளைகொம்பிக்கு இளகிய மனசு. கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அடி ஆத்தாடி! இத்தனை நாளா ஏன்டி சொல்லல? இனி நீ எங்க பொறுப்பு. நிம்மதியா இரு!"

நூலிக்கு மகிழ்ச்சியில் வால் நுனி வரை நடுங்கியது.

வளைகொம்பியின் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு உட்கார்ந்திருந்தான். எருமைகள் புல்லை மிதிக்க மிதிக்க வெளியே குதிக்கும் தவளையும் வெட்டுக்கிளியும்தான் அவனுக்குச் சாப்பாடு. கரையை விட்டு மந்தை போய்விட்டால்? கொக்குக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"தலைவி, காப்பாத்துறதுன்னா எப்படி?" என்று தேனொழுகக் கேட்டான். "அந்தப் பக்கம் வெள்ளாடுங்க இருக்கு. நீங்க நகர்ந்தா அதுங்க புகுந்துடும். உங்க கன்னுக்குட்டியை எப்படிக் காப்பீங்க?"

"நடுவுல விட்டுட்டுச் சுத்தி நிப்போம்!"

"அதேதான்! உங்க மாதிரி காவல் யாருக்கு வரும்?"

அவ்வளவுதான், வளைகொம்பிக்குத் தலைகால் புரியவில்லை. மந்தையைக் கூப்பிட்டாள். நாற்பது எருமைகள் ஓடையின் இரு கரையிலும் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றன. கொம்புகள் வெளியே, வால்கள் உள்ளே. வெள்ளாடுகள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டன.

"பார்த்தியா நூலி!" என்றாள் வளைகொம்பி பெருமையாக. "ஒரு ஈ எறும்பு உள்ளே வராது!"

வரவில்லைதான். ஆனால் நூற்றறுபது குளம்புகள் உள்ளே இருந்தனவே! முதல்நாள் கரைப்புல் சாய்ந்தது. இரண்டாம் நாள் சேறானது. ஓடை கலங்கி, வழி தெரியாமல் நின்றது. நூலி கத்திப் பார்த்தாள். நாற்பது எருமைகள் பெருமூச்சு விடும் இடத்தில் ஓர் எலியின் குரல் யாருக்குக் கேட்கும்? கொக்குக்கு மட்டும் கேட்டது. அவன் தவளை தின்றுகொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் பனி அடர்த்தியாக இறங்கியது. வளைகொம்பி நின்றபடியே கண்ணயர்ந்தாள். மேகத்துக்குள் நடப்பதுபோல ஒரு கனவு. புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவள் நடந்தால் சத்தமே இல்லை. நெற்றியில் யாரோ மெல்ல விரலால் தடவுவது போல இருந்தது. பிறகு கொம்புகளுக்கு நடுவே இளஞ்சூடாக ஏதோ மூச்சுவிட்டது.

வளைகொம்பி கண் விழித்தாள். கனவு போய்விட்டது. சூடு போகவில்லை.

"யாரது என் தலையில?"

"அசையாதீங்கக்கா!" இது நூலியின் குரல். "புள்ளைங்க தூங்குதுங்க."

"என்னடி இது! உன் புல்லை விட்டுட்டு இங்கே ஏன் வந்தே?"

"கூடு கட்டியிருந்த கடைசித் தாளும் காலையில சாஞ்சிடுச்சு. புள்ளைங்களை ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு இந்தக் கரை முழுக்கத் தேடிட்டேன் அக்கா. உங்க குளம்பு படாத இடம் உங்க தலை ஒண்ணுதான்!"

வளைகொம்பி குனிந்து பார்க்கப் போனாள். குட்டிகள் சரிந்துவிடும் என்று சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குனியாமலே பார்க்க வேண்டியதாயிற்று. பிறந்த நாளிலிருந்து தலையைத் தாழ்த்தியே வாழ்ந்தவள் அன்றுதான் மெல்ல ஓடைப் பக்கம் திரும்பி, நிமிர்ந்து பார்த்தாள். ஓடை நெடுகக் கறுப்பாகச் சேறு. ஒரு பச்சைத் தாள் இல்லை. மந்தை தினமும் குடிக்கும் தண்ணீரும் சேறாகிக் கிடந்தது.

"கொக்கே!" என்று உறுமினாள். "நீ சொல்லித்தானே நின்னோம்!"

"சொன்னது நான்தான்," என்றான் கொக்கு. "மிதிச்சது யாரு?"

 வெட்கத்தில் வளைகொம்பியின் காது இரண்டும் தொங்கிப்போயின. மந்தையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"காவல் நிக்கலாம். வட்டத்தை மட்டும் பெரிசாக்குங்க. ஆளுக்கு நாப்பது அடி வெளியே போங்க."

"அப்ப தண்ணிக்கு?" என்றது ஒரு கிடேரி.

"கீழே பாறைத்துறை இருக்குல்ல? அங்கே வரிசையா போய்க் குடிங்க. பாறையை எத்தனை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

நாற்பது எருமைகள் மனசில்லாமல் நகர்ந்தன. கொக்கு ஓடைக்கும் மந்தைக்கும் மாறி மாறிப் பறந்து பார்த்தான். பிறகு முணுமுணுத்துக்கொண்டே மேட்டுப் புல்லில் வெட்டுக்கிளி தேடப் போனான். அங்கேயும் கிடைத்தது. கொஞ்சம் ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

புல் வளர நாளாகுமே! அதுவரை வளைகொம்பி தலை குனியவில்லை. புதர்களின் நுனி இலையைத் தின்றாள். பாறையிலிருந்து சொட்டும் நீரை நாக்கை நீட்டிப் பிடித்துக் குடித்தாள். நூலி மட்டும் இறங்கிப் போய் மேட்டுப் புல்லில் விதை பொறுக்கித் தின்றுவிட்டு வந்து, குட்டிகளுக்குப் பால் கொடுத்தாள். வளைகொம்பியின் கழுத்து கடுகடுவென்று வலித்தது. ஆனால் அந்தச் சூட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பனிக்குள் நடப்பது, அவளுக்கு அந்தப் பழைய கனவுக்குள்ளேயே நடப்பதுபோல இருந்தது. நான்காம் நாள் ஒரு குட்டி கண் திறந்தது. அது முதன்முதலாகப் பார்த்தது ஒரு பெரிய கறுப்புக் காதை.

மழை பெய்தது. சேறு கழுவிப் போனது. கரையில் பசும் ஊசிகள் முளைத்தன, பிறகு தாளாயின, பிறகு காற்றில் அலையாயின. ஒரு மாலை வளைகொம்பி அந்தப் புல்லின் ஓரம் வரை போய் நின்று, கழுத்தை மட்டும் நீட்டினாள். நூலி மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அவள் நெற்றி வழியே இறங்கிப் புல்லுக்குள் போனாள். வளைகொம்பியின் கால் புல்லில் படவே இல்லை.

குளிர் வந்தபோது குட்டிகள் உருண்டையாக இருந்தன. கூட்டுக்குள் சுருண்டு தூங்கின. ஓடை தெளிந்து ஓடியது. நாற்பதடி தள்ளி எருமைகள் படுத்து அசைபோட்டன. அவற்றில் ஒன்று மட்டும் அடிக்கடி தலையைத் தூக்கி, புல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டது.

இனம் நான்கு மாதம் கழித்து எழுந்தது. நூலி, பின்னால் மூன்று பேர். ஒருவரும் குறையவில்லை.

ஆகவே, ஓர் உயிரைக் காப்பாற்ற நினைப்பவர் முதலில் அது வாழும் இடத்தின் மேலிருந்து தம் காலை எடுக்க வேண்டும்.