நீலநாக்கு முனி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் குளம் வெட்டிப் பெயர் வாங்கிய நாளில், ஓர் அரசனுக்குத் தன் தலைநகரத்துப் பெரிய குளத்தைத் தூர்வார வேண்டும் என்ற ஆசை வந்தது. பறை அறைவித்தான். மண்வெட்டியோடு ஒருவரும் வரவில்லை. குளக்கரை நாவல் மரத்தில் நீலநாக்கு முனி குடியிருக்கிறது, கிட்டே போனால் நம் நாக்கும் நீலம் பாய்ந்து அழுகிவிடும் என்று ஊரே நடுங்கியது. விசாரித்தால், "எங்க மாமா பார்த்தாராம்", "சம்பந்தி வீட்டுல சொன்னாங்க" என்பார்களே தவிர, நான் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை.

"இந்தப் புரளியை முதலில் கிளப்பியவன் எவன்?" என்று அரசன் சீறினான்.

தானாதிபதி வரகுணர் எழுந்தார். விகடகவி மூக்காண்டி வாய் திறந்தாலே அரசன் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் அவர். "பிரபு, இந்த நகரத்தில் கதை கட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர் நம் விகடகவி ஒருவர்தானே?"

அரசன் திரும்பினான். "மூக்காண்டி, நீ இல்லையென்றால் முதலில் சொன்னவனைக் கண்டுபிடி. அவன் நாக்கை அறுப்பேன். முடியாவிட்டால் உன் நாக்கு."

மூக்காண்டி தெருத் தெருவாக அலைந்தான். மாமாவைக் கேட்டால் சம்பந்தியைக் காட்டினார். சம்பந்தி எண்ணெய்க்காரரைக் காட்டினார். கடைசியில் கோயில் வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாளிடம் வந்து சேர்ந்தான். அவளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது.

"நாந்தாங்க பார்த்தேன்," என்றாள் அவள். "அப்ப சின்னப் புள்ள. மடியில பழம் பொறுக்கிட்டிருந்தேன். மேல கிளையில ஒண்ணு உக்காந்து, நீலமா நாக்கை நீட்டுச்சு. 'இது என் மரம். தொட்டா உன் நாக்கும் இப்படி ஆயிடும்'னுச்சு. பழத்தை அப்படியே கொட்டிட்டு ஓடியாந்துட்டேன். இன்னும் கண்ணுல நிக்குது, ஒத்தக் கால்ல தங்கத் தண்டை."

மூக்காண்டி சட்டென்று நிமிர்ந்தான். அந்த நாட்டில் தங்கத்தைக் காலில் அணிய ஒரே குடும்பத்துக்குத்தான் உரிமை. சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

மறுநாள் அவளையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனான்.

"பிரபு, ஆளைக் கண்டுகொண்டேன். ஒரு விளக்கம் வேண்டும். தண்டனை சொன்னவன் மேல்தானே விழும்? அவனுக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தக் கூடாதல்லவா?"

"சொன்னவன் மேல் மட்டுமே விழும். இது என் வாக்கு."

"அவன் சிறுவன், பிரபு."

வரகுணர் குறுக்கிட்டார். "சிறுவனானால் என்ன? எவர் வீட்டுப் பிள்ளையானால் என்ன? இழுத்து வாருங்கள்!"

"நாவல் பழம் தின்று நாக்கு நீலமான சிறுவன். மரத்தில் ஏறி உட்கார்ந்து, பழம் பொறுக்க வந்த பெண்ணை விரட்டியிருக்கிறான். காலில் தங்கத் தண்டை..."

அரசன் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பற்றினான். "ஒற்றைக் காலில்தானே?" என்றான் மெதுவாக. "மற்றொன்று குளத்தில் விழுந்துவிட்டது. அதற்காக அன்று அம்மாவிடம் அடி வாங்கினேன். மறுநாளும் போனேன்."

வரகுணரின் முகம் வெளுத்தது.

மூக்காண்டி கைகூப்பினான். "தானாதிபதி அவர்களே அந்தச் சிறுவனை இழுத்து வரட்டும், பிரபு. தங்களுக்கு முடிசூட்டிய அன்று அரண்மனையை விட்டுப் போனவன், இன்னும் திரும்பவில்லை."

அரசன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண் நனைந்தது. "அகப்பட்டால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், வரகுணரே. நானும் அவனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்."

அன்றே எல்லோரும் குளக்கரைக்குப் போனார்கள். மரம் காய்த்துக் கறுத்திருந்தது. அரசன் ஒரு பழத்தைத் தின்று நாக்கை நீட்டிக் காட்டினான். ஊர் ஜனம் வாயைப் பிளந்தது.

"அட, நீதானா அந்தப் பாழாப்போன பய!" என்று கத்திவிட்ட வெள்ளையம்மாள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, மகாராசா."

"அன்று எவ்வளவு பழம் கொட்டிவிட்டு ஓடினாய்?"

"மடி நிறைய, மகாராசா."

அரசன் தன் பட்டுச் சால்வையை எடுத்து, பிடித்துக்கொள்ளும்படி வரகுணர் கையில் கொடுத்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மூக்காண்டிக்குப் போட்டான். "வேறென்ன வேண்டும், கேள்."

"இந்த வயதில் மரம் ஏறாமல் இருந்தால் போதும், பிரபு."

"அது மட்டும் முடியாது," என்று சிரித்தபடியே அரசன் தாழ்ந்த கிளையில் கால் வைத்தான். கீழே வெள்ளையம்மாள் மடியை விரித்துக்கொண்டு நின்றாள்.