நாரையார் நடத்திய தேர்வு

முட்டையை விட்டு வந்த அன்றே ஓடும். வானத்தில் பருந்தைக் கண்டால் கூழாங்கல் ஆகிவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஆள்காட்டிப் பறவையின் குஞ்சுதான். அதன் நிறமும் கல், கிடப்பும் கல். படுத்துவிட்டால் பருந்தால் கண்டுபிடிக்க முடியாது.

ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக்கு இரண்டு குஞ்சுகள். அண்ணன் கூழான், தங்கை துருவி. பிறந்து நான்கே நாள். அப்போது நாரையார் அங்கே ஒரு பள்ளி திறந்தார். மீனுக்காக மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவர் அல்லவா? அசையாமல் இருப்பதைவிடப் பெரிய படிப்பு கிடையாது என்பது அவர் எண்ணம்.

"நாலு நாள் குஞ்சுக்குத் தேர்வா, ஐயா?" என்று தயங்கினாள் தாய்.

"இதுவே தாமதம். அடுத்த வரப்பு ஆள்காட்டி முட்டையிலேயே பெயர் பதிந்துவிட்டாள்" என்றார் நாரையார்.

தாய்க்குப் பயம் வந்துவிட்டது. இருவரையும் சேர்த்துவிட்டாள்.

நாரையார் "பருந்து" என்பார். குஞ்சுகள் படுத்து, கண்ணை மூடி, ஐம்பது வரை எண்ண வேண்டும். அசைந்தால் பூஜ்யம். காலையில் பத்துத் தேர்வு, மாலையில் பத்து. பூச்சி பிடிக்கவும் சேற்றைக் கிளறவும் நடுப்பகல் மட்டுமே மிச்சம்.

கூழான்தான் எப்போதும் முதல். எந்த நிழல் பட்டாலும் உடனே படுத்து எண்ணத் தொடங்கிவிடுவான். துருவிக்குப் பூஜ்யம்தான்.

"ஏன் தலையைத் தூக்கினாய்?"

"பருந்து எங்கே என்று பார்த்தேன், ஐயா. காணோமே?"

"தேர்வில் பருந்து வராது."

"அப்புறம் எதற்குப் படுக்க வேண்டும்?"

"மதிப்பெண்ணுக்கு."

கூழான் சிரித்தான். "உனக்குக் கல்லாக வராது. களிமண்ணாக இருக்கப் பார்."

ஒரு நடுப்பகலில் எருமைகள் தண்ணீருக்கு வந்தன. முன்னால் வந்த எருமையின் நிழல் கூழான்மேல் விழுந்தது. அவன் சட்டென்று படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். தாய் அலறிக்கொண்டே எருமையின் முகத்தில் போய் மோதினாள். எருமை நிற்கவில்லை.

துருவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அண்ணா, இது பருந்து இல்லை. நாலு கால் இருக்கிறது. நேராக உன்மேல்தான் வருகிறது. எழுந்திரு!"

"பேசாதே, மார்க் போய்விடும். பதினேழு, பதினெட்டு..."

துருவி அவன் முதுகில் ஓங்கிக் கொத்தினாள். வலி தாங்காமல் கூழான் துள்ளி ஓடினான். அவன் கிடந்த இடத்தில் குளம்பு இறங்கியது. எருமை போனதும் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

"பார்த்தீர்களா, ஐயா?" என்று, தண்ணீரில் மீனுக்காக நின்றிருந்த நாரையாரிடம் கேட்டாள் தாய்.

"பார்த்தேன். பாடத்தில் ஒரு சிறு குறை. நாளை முதல் எருமைத் தேர்வும் உண்டு. ஆக மொத்தம் நாற்பது."

"வேண்டாம், ஐயா. கண்ணைத் திறந்து உலகத்தைப் பார்க்க வேண்டிய வயதில் ஓயாமல் தேர்வு வைத்தால், பிள்ளைகள் தேர்வை மட்டும்தான் கற்றுக்கொள்வார்கள்."

நாரையார் கூழான் பக்கம் திரும்பினார். "நீ முதல் மாணவன். நீ என்ன சொல்கிறாய்?"

கூழான் தங்கையோடு நண்டு வளை பார்க்கப் போனான்.