புற்று கட்டிய கொத்தனார்

கோணங்குளத்துக்காரர்களை மடையர்கள் என்று சொல்லுகிறவன் அந்த ஊருக்குப் போகாதவன். போய்வந்தவன் அதைவிடப் பொருத்தமாக ஒரு வார்த்தை கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பான்.

அந்த ஊரில் மாசானம் என்று ஒருத்தன். ஆள் ஆனைக்குட்டி மாதிரி, மனசு பஞ்சு. நெடுமேட்டுப் பலவேசத்தின் மகள் பேராச்சியைக் கோவில் கொடைவிழாவில் பார்த்த நாள்முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூணு வேளைக்கு மேல் இறங்கவில்லை. பேராச்சிக்கும் அவன்மேல் ஒரு இது இருந்தது. பலவேசம்தான் ஒரு நிபந்தனை போட்டார். ஐப்பசி மழையில் வந்து பார்ப்பாராம். ஒழுகாத வீடு ஒன்று இருந்தால் பெண்ணைக் கொடுப்பாராம், இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுவாராம்.

மாசானத்தின் மண்வீட்டில் போன மழைக்கே ஒரு பக்கச் சுவர் கரைந்துவிட்டது. பெற்றவள் முப்பிடாதி, "சுவரை வெச்சுட்டுக் கூப்பிடுலே" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டலாம் என்றால் ஊரில் கொத்தனாரும் இல்லை. இருந்த ஒரே கொத்தனார், செங்கல்லைத் தண்ணீரில் போட்டு வைக்கும்படி ஊராரிடம் சொல்லியிருந்தார். அவர்களும் ஒரு வண்டிச் செங்கல்லையும் கொண்டுபோய்க் குளத்தில் ஆழமான இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டவர்தான், திரும்பியே பார்க்கவில்லை.

இந்த நேரத்தில் கோவிலுக்கு ஒரு பெரியவர் உபன்யாசம் செய்ய வந்தார். "பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும். வீடு இருந்தால் கொத்தன் இருந்தாக வேண்டும். எதுவும் தானாக வராது. உலகத்தைக் கட்டியவனும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியமாட்டான். பாரத்தை அவன்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள்" என்றார். வெளியூர்க்காரர்களுக்கு அவர் கடவுளைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்தது. மாசானத்துக்கோ கடைசிவரை கொத்தனைப் பற்றியே பேசுவதாகக் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடிக்குப் போனான். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு கரையான் புற்று. பல வருஷமாக அங்கேதான் இருக்கிறது, அவன்தான் அன்றைக்குப் பார்த்தான். கூம்பு கூம்பாக, கோபுரம் வைத்து, ஒரு விரிசல் இல்லாமல் நின்றது. ஒரு ஓரத்தைப் பிட்டுப் பார்த்தான். முந்தின நாள் தூறலில் ஊரே நனைந்து கிடக்க, உள்ளே மண் காய்ந்திருந்தது. ஓடிப்போய் மந்திரம் அண்ணாச்சியைக் கூட்டிவந்தான். ஊருக்காக யோசிக்கிறவர் அவர்தான். கூடவே உய்க்காட்டானும் வந்தான். எதையும் லேசில் நம்பமாட்டான் என்று அவனுக்கு ஊரில் கெட்ட பேர்.

அண்ணாச்சி புற்றைச் சுற்றி வந்தார். "கட்டடம் இருக்கு. அப்போ கொத்தனார் இருக்காரு."

உய்க்காட்டான் குனிந்து பார்த்தான். "வெள்ளை வெள்ளையா என்னமோ மண்ணு சுமக்குதே அண்ணாச்சி. இதுகளே கட்டியிருக்குமோ?"

"அதெல்லாம் சித்தாளுவே. உம்ம வீட்டுக்கு மண்ணு சுமந்தது யாரு?"

"சித்தாளுதான்."

"சுவரு வெச்சது?"

"கொத்தனாரு."

"இத்தனை சித்தாளு, ஒரு சண்டை இல்ல, வெத்திலை போட ஒருத்தன் ஒதுங்கல. கொத்தனார் நிக்காம இப்படி வேலை நடக்குமாவே?"

உய்க்காட்டானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவனைச் சொல்லி என்ன, அந்த இடத்தில் நமக்கும்தான் பதில் வந்திருக்காது.

அடுத்தது பாரம். பெரியவர் சொன்னபடி அதைக் கொத்தனார்மேல் போட வேண்டுமே. மாசானம் ஒரு நெல் மூட்டையைத் தூக்கிவந்து புற்றின் உச்சியில் போட்டான். உச்சி பொலபொலவென்று உதிர்ந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் பேராச்சி ஏது? விடிந்ததும் போய்ப் பார்த்தால், உதிர்ந்த இடத்தையெல்லாம் ஈரமண்ணால் பூசி வைத்திருந்தது.

ஏன் இடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ரிப்பேர் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாரே, இதுவல்லவா தொழில் என்று அண்ணாச்சி உருகினார். அதற்குமேல் உய்க்காட்டானுக்கும் சந்தேகம் இல்லை.

மாசானம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு வைத்து, ஒழுகாத வீடு ஒன்று வேண்டும் என்று புற்றிடம் வாய்விட்டுக் கேட்டான். அப்புறம் மூவரும் சும்மா இருந்தார்கள். கோணங்குளத்தில் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் சித்தாட்களுக்குச் சாப்பாடு போடுவது வீட்டுக்காரன் கடமையாயிற்றே. அவர்கள் ஒரு பட்ட கிளையைக் கொறிப்பதைப் பார்த்த மாசானம் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தான். கதவைச் சாப்பிட்டார்கள். கட்டிலை வைத்தான். அதையும் மிச்சம் வைக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுச் சுவரில் கோடு கோடாக மண் ஏறி உத்திரத்தைத் தொட்டது.

"நூல் பிடிக்காரு," என்றார் அண்ணாச்சி.

ஐப்பசி பிறந்தது. உத்திரம் முறிந்து கூரை உட்கார்ந்தது. கூரை போனதும் மழை இறங்கி, மிச்சச் சுவர்களும் கஞ்சியாய்க் கரைந்தன. மாசானம் கலங்கிப்போனான். பழசை இடிக்காமல் புதுசு எப்படிக் கட்டுவார் என்று அண்ணாச்சி தேற்றினார். அப்படித் தேறிய நாளில்தான் பலவேசம் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே இன்னொரு குடையில் பேராச்சி. புளியமரத்தடியில் புதுவேட்டி கட்டி நனைந்துகொண்டு நின்றான் மாசானம். பக்கத்தில் அண்ணாச்சியும் உய்க்காட்டானும்.

"வீடு எங்க மாப்ளே?"

மாசானம் புற்றைக் கையால் காட்டினான். நல்லவேளை, நெடுமேடும் கோணங்குளமும் ஒரே வாய்க்கால் தண்ணீர் குடிக்கிற ஊர்கள். பலவேசம் புற்றில் விரலை விட்டுத் துழாவினார்.

"ஒழுகல," என்றார். "நான் கேட்டது ஒழுகாத வீடு. பெருசு சிறுசுன்னு நான் ஒண்ணும் சொல்லல. வாக்கு வாக்குதான்."

அந்தச் சமயத்தில் புற்றுக்குள்ளிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். அவர்களுக்கோ அது தரிசனம். நான்கு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உய்க்காட்டான் மட்டும், கொத்தனாருக்குக் கையைக் காணோமே என்று முணுமுணுத்தான்.

"கையில்லாமலே இம்புட்டு வேலை," என்றார் அண்ணாச்சி தழுதழுத்து. "கை இருந்திருந்தா மாடியும் போட்டிருப்பாரு."

பாம்பு இறங்கி வயலைப் பார்க்கப் போய்விட்டது. வேலை முடிந்தது, வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது.

"நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரேன்," என்றாள் பேராச்சி தரையைப் பார்த்துக்கொண்டு.

மாசானம் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் தலையை விட்டான். மூக்கு மட்டும் போயிற்று. பலவேசம் வீட்டைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். இவ்வளவு நறுவிசாகக் கட்டினவர் அளவில் தப்பியிருக்கமாட்டார், ஆகவே வீடு சரி, மாப்பிள்ளையைத்தான் யாரோ அளவு தப்பிச் செய்துவிட்டார்கள் என்று முடிவு சொன்னார். இதில் மாசானத்துக்கே மறுப்பு இல்லை. செய்தவரை விசாரிக்க வேண்டும் என்று முப்பிடாதியை அழைத்துவர உய்க்காட்டானை அனுப்பினார்கள்.

அவள் வந்து, இடிந்த வீட்டையும் படுத்துக்கிடக்கும் மகனையும் பார்த்தாள். கேள்வியையும் கேட்டுக்கொண்டாள். "நான் பெத்தப்போ சின்னதாத்தான் இருந்தான். பொறவு தானா வளந்துட்டான்," என்றாள்.

"தானா எதுவும் வராது மதினி," என்றார் அண்ணாச்சி. "நமக்குத் தெரியாம யாரோ வேலை பாத்திருக்கான்."

முப்பிடாதி அப்படியே மகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். நல்ல யோசனை கடைசியில் உய்க்காட்டானிடமிருந்து வந்தது. அத்தனை பெரிய கதவை ஒன்றுமில்லாமல் ஆக்கிய சித்தாட்களுக்கு மாசானம் எம்மாத்திரம்? வீட்டு அளவுக்குச் செதுக்கிக் கொடுத்துவிடமாட்டார்களா? மாசானம் உடனே புற்றில் சாய்ந்து உட்கார்ந்தான். பேராச்சிக்காக எவ்வளவு சின்னதாகவும் தயார் என்றான். அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டே போகலாம் என்று அப்பனும் மகளும் அண்ணாச்சி வீட்டில் தங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் மாசானம் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். வேலை தொடங்கியாச்சு மாமா என்று துள்ளி எழுந்து நின்றான். பேராச்சி குடையைச் சட்டென்று தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் கிட்டே போய் முழம் போட்டுப் பார்த்தார். ஆள் அப்படியேதான் இருந்தான். வேட்டிதான் பாதி இருந்தது.

"பரவாயில்ல, பாதி வேலை முடிஞ்சிருக்கு," என்று சொல்லி, தை மாதத்தில் நாள் குறித்துக்கொண்டு போனார்.