விருத்தகிரி வீட்டு முற்றத்துல ஊர்த் தண்ணி

காக்காவுக்குக்கூட வரி போடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, வெண்ணாவல்பட்டணத்தை சொக்கநாத பூபதின்னு ஒரு ராஜா ஆண்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா தோசை வேணும்பாரு, தோசை வந்ததும் எவன்யா தோசை கேட்டதும்பாரு.

அவரோட மந்திரி ஆவுடையப்பர். மூணு வருசமா தெருத்தெருவாத் தோண்டி, செங்கல் வெச்சுக் கட்டி, ஊருக்கடியில பாதாளச் சாக்கடை போட்டாரு. வீட்டுக் கழிவுத்தண்ணியெல்லாம் அது வழியாப் போயி ஊருக்கு வெளிய கோரைக்காட்டுல விழணும். வேலை முடிஞ்சதும் ஊரே மந்திரியைத் தூக்கி வெச்சு ஆடுச்சு.

இது நகர அதிகாரி விருத்தகிரிக்கு வயித்தெரிச்சல். அவருக்கு எப்பவும் வாய் நிறைய வெத்தலை. அண்ணாந்துதான் பேசுவாரு, "நாளைக்கு வா"ங்கிறது "நாழைக்கு வா"ன்னு வரும். அவரு ராஜாகிட்ட, "கண்டவனும் கண்டதை விட்டா சாக்கடை அடைச்சுக்கும் ராஜா. விதி வேணும்"னாரு.

"நீயே எழுதிக்கொண்டா"ன்னுட்டாரு ராஜா.

எழுதுனாரு. மழைத்தண்ணி விடக்கூடாது. சாயத்தண்ணியை மூணு நாள் குழியில தெளிய வெச்சுத்தான் விடணும். அனுமதி ஓலை இல்லாம சாக்கடை மூடியைத் தொட்டா பத்துக் கசையடி, தெருவுல ஊத்துனாலும் பத்து. இதுவரைக்கும் சரி. கடைசியில ஒண்ணு சேர்த்தாரு பாருங்க: ஓலை கேக்குறவன் வீட்டோட ஒரு நாள் கழிவுத்தண்ணியை, சொட்டு குறையாம, அதிகாரி வீட்டுக்கே கொண்டாந்து அளந்து காட்டணும். அளந்து முடியுற வரைக்கும் அது அங்கேயிருந்து நகரக்கூடாது.

யாரு சுமப்பா? ஆறு மாசமாச்சு, ஒரு வீட்டுக்கும் ஓலை கிடைக்கலை.

விருத்தகிரி ராஜா காதுல ஓதுனாரு. "சாக்கடைக்குள்ள பல்லிதான் குடியிருக்கு ராஜா. ஒருத்தருக்கும் அது வேண்டாமாம்."

ராஜாவுக்குச் சுருக்குனு வந்துருச்சு. மந்திரியைக் கூப்பிட்டாரு. "வெள்ளிக்கிழமை காலையில கோரைக்காட்டுக்கு வருவேன். தண்ணி விழலைன்னா சாக்கடையை மண்ணு போட்டு மூடிட்டு நீ நாட்டை விட்டுக் கிளம்பு."

"அந்தக் கடைசி விதி கொஞ்சம் கடுமைங்க, ராஜா."

"நான் முத்திரை வெச்ச விதிய்யா அது. விதின்னா விதிதான்."

மந்திரி வீட்டுக்கு வந்தா, வாசல்ல சாயக்காரத் தெரு அங்காயி நிக்கிறா. "கொல்லையில தேங்குன சாயத்தண்ணி கிணத்துல இறங்கிருச்சு சாமி. சோறு வடிச்சா சோறே சிவப்பா வருது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு நாளா வயித்தால போகுது. விதிப்படி குழி வெட்டித் தெளிய வெச்சுட்டேன். ரெண்டு குடம் கொண்டுபோய்க் காட்டுனா, 'மிச்சம் எங்க'ங்குறாரு. ஒத்தைப் பொம்பளை முப்பது குடத்தை எப்படிச் சாமி சுமப்பேன்?"

மந்திரி கேட்டாரு, "உங்க தெருவுல எத்தனை மாட்டுவண்டி இருக்கு தாயி?"

"பன்னெண்டு இருக்கும்."

"ஊர்ல?"

அங்காயிக்குப் புரிஞ்சுபோச்சு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு ஓடுனா.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் விருத்தகிரி கதவைத் திறந்தாரு. வாசல்லேருந்து கடைவீதி வரைக்கும் வண்டி. பீப்பா, குடம், அண்டா, தொட்டி. நானூறு வீட்டுத் தண்ணி. கஞ்சித்தண்ணி, சீயக்காத்தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணி, பேர் சொல்ல முடியாத தண்ணி.

"என்னழிது?"ன்னாரு வெத்தலை வாயோட அண்ணாந்து.

"உங்க விதிதாங்க. சொட்டு குறையலை, அளந்துக்கங்க." இறக்கி வெச்சுட்டு எல்லாரும் பணிவா ஒரு கும்பிடு போட்டாங்க.

முற்றம் நிறைஞ்சுது. கூடம் நிறைஞ்சுது. சாமி ரூம் வாசல்ல ரெண்டு அண்டா. விருத்தகிரி உழக்குப் படியை எடுத்து அளக்க ஆரம்பிச்சாரு. மூணாவது குடத்துலயே எண்ணிக்கை தப்பிப்போச்சு. வெயில் ஏற ஏற வாடையும் ஏறுச்சு.

அவரு சம்சாரம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. "ஒண்ணு இது போகணும், இல்ல நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போகணும். எதுன்னு சொல்லுங்க."

"தெருவுல ஊத்துனா பத்து அடிடி."

"யாரு வெச்ச சட்டம்?"

மனுசன் கடப்பாரையை எடுத்தாரு. வீட்டு வாசல்ல இருந்த சாக்கடை மூடியை நெம்பித் தள்ளுனாரு. குடம் குடமா, அண்டா அண்டாவாக் கவுத்தாரு.

அங்கே கோரைக்காட்டுல ராஜா கைகட்டி நிக்கிறாரு. மந்திரி மூட்டை முடிச்சோட பக்கத்துல. முதல்ல ரெண்டு பல்லி ஓடிவந்துச்சு. அப்புறம் தடதடன்னு தண்ணி. ராஜா மூக்கைப் பொத்திக்கிட்டே சிரிச்சாரு. "வருதுய்யா, நெசமாவே வருது. யாரு வீட்டுத் தண்ணி?"

"வாங்க, போய்ப் பார்ப்போம்."

விருத்தகிரி நனைஞ்ச வேட்டியோட, கையில கடப்பாரையோட மாட்டிக்கிட்டாரு.

"அனுமதி ஓலை எங்கய்யா?"

"ஓலை குடுக்குறது நான்தானே ராஜா..."

"அப்போ உன் வீட்டுத் தண்ணியை அளந்து உன்கிட்டயே காட்டுனியா?"

அதிகாரி கடப்பாரையைக் கீழ போட்டாரு. மந்திரி குறுக்க வந்தாரு. "அடி வேண்டாம் ராஜா. ஊருக்காக முதல் தண்ணி விட்டவரு. நாமதான் அவருக்கு நன்றி சொல்லணும்."

ராஜாவுக்கு அது பிடிச்சுப்போச்சு. கடைசி விதியை அங்கேயே அடிச்சு நீக்குனாரு. அதை உடைக்க வழிகாட்டுனவ அங்காயின்னு மந்திரி சொன்னதும், சாயக்காரத் தெருவுக்குப் புதுக் கிணறு வெட்டச் சொன்னாரு. அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, "நானூறு வீட்டுக்கும் நீயே ஓலை கொண்டுபோ. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, தண்ணி தந்ததுக்கு நன்றின்னு சொல்லணும்"னாரு.

போனாரு. ஊரே வாசல்ல நின்னு சிரிச்சுச்சு. சாயக்காரத் தெருவுக்கு வர்றதுக்குள்ள ஆளு பாதியாயிட்டாரு. ஓலையை நீட்டி, "தண்ணி தந்ததுக்கு நன்றி அங்காயி"ன்னாரு.

அங்காயி சிரிக்கலை. ரெண்டு கையாலயும் ஓலையை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும் சாமி. அந்தக் குழி விதி நீங்க எழுதுனதுதானே? நாலு நாளா கிணத்துல சிவப்பு இறங்கலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை நேத்துலேருந்து எந்திரிச்சு விளையாடுது."

முன்னூத்தித் தொண்ணூறு வீட்டுல சிரிப்பை வாங்கிட்டு வந்த விருத்தகிரிக்கு, அந்த ஒரு நன்றியிலதான் கண்ணு கலங்கிப்போச்சு. மிச்சம் ஒம்பது வீட்டுக்கு அவரு நெசமாவே நன்றி சொன்னாராம்.